பெருந்தொற்றுக் காலத்தில் மாற்றுச் சிறுநீரகத்தைக் காப்பது எப்படி? பேத்தமங்களா போன்ற ஊர்களில் வாழ்வோருக்கான விளக்கம்

பேத்தமங்களா (கோலார் தங்கவயல்): கரோனா பெருந்தொற்று பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில், நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரை நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலித்தது. அதே நாட்களில், அந்த ஆற்றலைத் தணிக்கும் மாத்திரைகளை நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள வேண்டிய நிலையில் பல்லாயிரம் பேர் இருந்தனர். சிறுநீரகம், கல்லீரல், இதயம் போன்ற உறுப்புகளைப் பிறரிடமிருந்து பெற்று வாழ்பவர்கள் அவர்கள்.

இவர்களுக்குப் பெருந்தொற்றின் ஆபத்து இரு வழிகளில் வந்தது. ஒன்று, வைரஸ். மற்றொன்று, மருந்தும் பரிசோதனையும் தடைபடுவது. பெருநகரத்தில் வசிப்பவருக்கு முதலாவது பெரிதாகத் தெரிந்திருக்கலாம். மருத்துவமனையிலிருந்து வெகுதொலைவில் உள்ள சிற்றூர்வாசிக்கு இரண்டாவதும் அதே அளவு அச்சுறுத்தலாக இருந்தது. கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில், தங்கவயலை அடுத்துள்ள பேத்தமங்களா அத்தகைய ஊர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

எதிர்ப்பாற்றலைத் தணிப்பது ஏன்?

மனித உடல், தன்னுடையது அல்லாத எதையும் அயலாகக் கருதித் தாக்கும். கிருமியைத் தாக்கும் அதே படை, தானமாகப் பெற்ற சிறுநீரகத்தையும் தாக்கும். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் முர்ரே குழுவினர் நடத்திய முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை ஒத்த இரட்டையர்களுக்கு இடையே நடந்தது. இருவரின் உடற்கூறும் ஒன்றாக இருந்ததால் உறுப்பு நிராகரிக்கப்படவில்லை. இந்தியாவில் இத்தகைய சிகிச்சை முதன்முதலில் 1971ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வெற்றி கண்டது.

இரட்டையர் அல்லாதோரிடமிருந்தும் உறுப்பைப் பெற்று நீண்டகாலம் வாழ வழிசெய்தவை, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளே. 1980களில் சைக்ளோஸ்போரினும் அதன்பின் டாக்ரோலிமஸும் பயன்பாட்டுக்கு வந்தன. இன்று பெரும்பாலான சிறுநீரக மாற்று நோயாளிகள் டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரட்னிசோலோன் ஆகிய மூன்றையும் சேர்த்து உட்கொள்கின்றனர். டாக்ரோலிமஸைப் பொதுவாக 12 மணி நேர இடைவெளியில், நாளுக்கு இரு வேளை எடுக்க வேண்டும். மாற்று உறுப்பு இயங்கும் காலம் முழுவதும் இந்த ஒழுங்கு தொடரும்.

மருந்தின் அளவு கத்தி முனையில் நடப்பது போன்றது. குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும். கூடினால் சிறுநீரகமே நச்சுத்தன்மைக்கு உள்ளாகும், தொற்றும் எளிதில் பற்றும். ஆகவே ரத்தத்தில் டாக்ரோலிமஸ் எவ்வளவு உள்ளது, கிரியேட்டினின் எவ்வளவு என்பவற்றைக் குறித்த இடைவெளியில் அளந்தாக வேண்டும். டாக்ரோலிமஸ் பரிசோதனைக்குக் காலை மாத்திரை எடுப்பதற்குச் சற்று முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால், தொலைவிலிருந்து வருவோர் முதல்நாளே புறப்பட வேண்டியிருக்கும்.

பச்சை மண்டலத்திலிருந்து சிவப்பு மண்டலத்துக்கு

பேத்தமங்களா, பாலாற்றங்கரையில் அமைந்த ஊர். இங்குள்ள ஏரி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்கவயலின் குடிநீர்த் தேவையோடு பிணைந்தது. கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் புழங்கும் பகுதி இது. ஆந்திர எல்லை அருகிலும், தமிழக எல்லை அதற்குச் சற்று அப்பாலும் உள்ளன. மேற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் பெங்களூரு இருக்கிறது. இதே பாலாறு ஆந்திரத்தைக் கடந்து சென்றடையும் வேலூரும் ஏறக்குறைய அதே தொலைவுதான். சிறப்புச் சிகிச்சை என்றால் இப்பகுதி மக்கள் நாடுவது இவ்விரு நகரங்களையே.

2001ஆம் ஆண்டு தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், தங்கவயல் மக்களின் பிழைப்பு பெங்களூரு செல்லும் ரயில்களைச் சார்ந்து அமைந்தது. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருபேட்டை வழியாகச் செல்லும் அந்த ரயில்களே நோயாளிகளுக்கும் மலிவான வழி. 2020 மார்ச் 22ஆம் தேதி முதல் நாடு முழுவதும் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டன. மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பேருந்துகளும் நின்றன.

மே 1ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட மண்டலப் பட்டியலில் கோலார் மாவட்டம் பச்சை மண்டலமாகவும், பெங்களூரு நகர்ப்புற மாவட்டமும் வேலூர் மாவட்டமும் சிவப்பு மண்டலங்களாகவும் வகைப்படுத்தப்பட்டன. அதாவது, தொற்று குறைந்த ஊரில் பாதுகாப்பாக இருந்த மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், தன் உறுப்பைக் காத்துக்கொள்ளத் தொற்று மிகுந்த நகரத்துக்கே செல்ல வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தால் பரிசோதனை தவறும். புறப்பட்டால் தொற்று நெருங்கும்.

மாநில எல்லைகளும் இறுகின. 2020 ஏப்ரல் இறுதியில் வேலூர் மாவட்டத்தை ஆந்திரத்துடன் இணைக்கும் இரு சாலைகளின் குறுக்கே சுவர்களே எழுப்பப்பட்டன. எதிர்ப்பு எழுந்ததும் அவை அகற்றப்பட்டன. மருத்துவக் காரணங்களுக்கான பயணத்துக்கு ஊரடங்கு விதிகள் இடமளித்தபோதும், அனுமதிச் சீட்டு பெறுவது, வாகனம் அமர்த்துவது, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் காரணத்தை விளக்குவது என எல்லாச் சுமையும் நோயாளியின் தலையிலேயே விழுந்தது. நாள்கூலியை நம்பிய குடும்பத்துக்கு, ரயில் கட்டணத்துக்கும் வாடகைக் கார் கட்டணத்துக்கும் இடையிலான வேறுபாடே பெரும் தடை.

எண்கள் கூறுவது என்ன?

பெருந்தொற்று, உறுப்பு பெற்றவர்களை மட்டுமன்றி உறுப்புக்காகக் காத்திருந்தவர்களையும் தாக்கியது. தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பின் கணக்குப்படி, 2019இல் இந்தியாவில் 12,666 உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகள் நடந்தன. 2020இல் அந்த எண்ணிக்கை 7,443 ஆகச் சரிந்தது. 2021இல் 12,259 ஆக மீண்டது. இடைப்பட்ட மாதங்களில் காத்திருப்போர் பலரும் டயாலிசிஸையே நம்பி வாழ்ந்தனர். அதற்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை மையத்துக்குச் சென்றாக வேண்டும். அவர்களுக்கு ஊரடங்கு என்பது வீட்டுக்குள் இருக்கும் வசதியை ஒருபோதும் தரவில்லை.

தொற்றுக்கு உள்ளானவர்களின் நிலையை இந்திய மருத்துவர்களின் ஆய்வு ஒன்று காட்டுகிறது. 13 மாற்று அறுவை சிகிச்சை மையங்களில், கரோனா பாதித்த சிறுநீரக மாற்று நோயாளிகள் 250 பேரைக் கொண்டு முதல் அலையின்போது நடத்தப்பட்ட அந்த ஆய்வில், உயிரிழந்தோர் விகிதம் 11.6 சதவீதமாக இருந்தது. செயற்கைச் சுவாசம் தேவைப்படும் நிலையை எட்டியவர்களில் மிகச் சிலரே உயிர் பிழைத்தனர். பொதுமக்களிடையே பதிவான இறப்பு விகிதத்தைவிட இது பன்மடங்கு அதிகம். எனினும் இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது: பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் மீண்டனர். உரிய நேரத்தில் மருத்துவரை அணுகுவது எவ்வளவு முக்கியம் என்பதை இவ்விரு பக்கங்களும் உணர்த்துகின்றன.

மாத்திரை தடைபடலாகாது

தொற்று பரவும் காலத்தில் நோயாளிகள் பலருக்கு எழும் முதல் எண்ணம், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரையைச் சில நாள் நிறுத்திவைத்தால் என்ன என்பதே. இது ஆபத்தான முடிவு. மருந்தை நிறுத்தினால் உடல் உறுப்பைத் தாக்கத் தொடங்கும். அவ்வாறு இழந்த சிறுநீரகத்தைப் பல வேளைகளில் மீட்க இயலாது. அதன்பின் மீண்டும் டயாலிசிஸ், மீண்டும் காத்திருப்புப் பட்டியல் என்ற நிலை வரும். பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென நிறுத்துவது ரத்த அழுத்தத்தை வீழ்த்தி உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

தொற்று உறுதியானால், மருத்துவர் சில மருந்துகளின் அளவைக் குறைப்பதும் தற்காலிகமாக நிறுத்துவதும் உண்டு. பொதுவாக மைக்கோஃபெனோலேட்டையே முதலில் குறைப்பார்கள். ஆனால் அது நோயின் தீவிரம், அறுவை சிகிச்சை நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைக் கொண்டு சிறுநீரகவியல் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. நோயாளியோ, மருந்துக் கடைக்காரரோ எடுக்கும் முடிவன்று.

இம்மருந்துகள் சிற்றூர் மருந்துக் கடைகளில் எப்போதும் கிடைப்பதில்லை. ஊரடங்கில் இக்குறையைப் போக்கச் சில வழிகள் திறந்தன. தொலைபேசி, காணொலி, குறுஞ்செய்தி வழியாக மருத்துவ ஆலோசனை வழங்குவதற்கான நெறிமுறைகளை 2020 மார்ச் 25ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்டது. மறுநாளே, மருந்துகளை வீட்டுக்குக் கொண்டுசென்று வழங்க மருந்துக் கடைகளுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. ஏப்ரல் 13ஆம் தேதி இ-சஞ்சீவனி இணையவழிப் புறநோயாளிச் சேவை தொடங்கியது. அஞ்சல் துறை மருந்துப் பொட்டலங்களைக் கொண்டுசேர்த்தது. இவற்றுள் தொலைவழி ஆலோசனை இன்றும் தொடர்கிறது. அதைப் பழகிவைத்துக்கொள்வது நலம்.

ஒரே மருந்தை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் தயாரிக்கின்றன. வழக்கமான நிறுவனத்தின் டாக்ரோலிமஸ் கிடைக்காமல் வேறொன்றுக்கு மாற நேர்ந்தால், மருத்துவரிடம் தெரிவித்து, ரத்தத்தில் மருந்தின் அளவை மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசி: பலன் குறைவு, தேவை அதிகம்

இந்தியாவில் 2021 ஜனவரி 16ஆம் தேதி கரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. மார்ச் 1ஆம் தேதி முதல், 45 முதல் 59 வயதுக்கு உட்பட்ட இணைநோயாளிகளுக்கும் வாய்ப்பளிக்கப்பட்டது. அதற்கான 20 இணைநோய்களின் பட்டியலில் சிறுநீரகம், கல்லீரல் மாற்று சிகிச்சை பெற்றவர்களும் அதற்காகக் காத்திருப்போரும் இடம்பெற்றனர். ஆனால் 45 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், எல்லா வயதுவந்தோருக்கும் திட்டம் விரிந்த மே 1ஆம் தேதி வரை காத்திருக்க நேர்ந்தது. இரண்டாம் அலை உச்சத்தை நெருங்கிய காலம் அது.

உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்தித் தயாரிக்கும் தடுப்பூசிகளை உறுப்பு மாற்று நோயாளிகள் பொதுவாகத் தவிர்க்க வேண்டும். இந்தியாவில் பரவலாகச் செலுத்தப்பட்ட கோவிஷீல்டு உடலில் பெருகும் திறனற்ற வைரஸைக் கொண்டும், கோவாக்சின் செயலிழந்த வைரஸைக் கொண்டும் தயாரிக்கப்பட்டவை. ஆகவே இவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

எதிர்ப்பாற்றல் தணிந்த உடலில் தடுப்பூசியின் பலன் குறைவாகவே இருக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட முடிவுகளின்படி, எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசியின் முதல் தவணைக்குப் பின் உறுப்பு மாற்று நோயாளிகளில் 17 சதவீதத்தினருக்கும், இரண்டாம் தவணைக்குப் பின் 54 சதவீதத்தினருக்கும் மட்டுமே எதிர்ப்பணுக்கள் காணப்பட்டன. இதையடுத்து அந்நாட்டில் 2021 ஆகஸ்டில் இவர்களுக்கு மூன்றாம் தவணை அனுமதிக்கப்பட்டது.

இதிலிருந்து பெற வேண்டிய பாடம், தடுப்பூசி வீண் என்பதன்று. நோயாளியைச் சுற்றியுள்ளோர் அனைவரும் அதைச் செலுத்திக்கொள்வது இன்றியமையாதது என்பதே. நோயாளியின் உடல் எழுப்ப இயலாத அரணை, அவர் குடும்பத்தினர்தான் எழுப்ப வேண்டும். தடுப்பூசிக்குப் பிறகும் முகக்கவசம் அணிவதையும் கூட்டத்தைத் தவிர்ப்பதையும் இவர்கள் கைவிடலாகாது என மருத்துவர்கள் வலியுறுத்தியதற்கும் இதுவே காரணம்.

காய்ச்சல் வந்தால்

ஸ்டீராய்டு உட்கொள்வோருக்குக் காய்ச்சல் வெளிப்படையாகத் தெரியாமல் போகலாம். ஆகவே 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டும் வெப்பம் மட்டுமன்றி, தொடர் இருமல், மிகு சோர்வு, மூச்சுத் திணறல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றையும் எச்சரிக்கையாகக் கொண்டு அன்றே மருத்துவரை அணுக வேண்டும். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால் மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. வயிற்றுப்போக்கு ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை உயர்த்தக்கூடும்; நீரிழப்பு சிறுநீரகத்தை நேரடியாகப் பாதிக்கும்.

அருகிலுள்ள மருத்துவர் வேறு நோய்க்கு எழுதித் தரும் மருந்துகளிலும் கவனம் தேவை. சில மருந்துகள் டாக்ரோலிமஸுடன் மோதும்.

• கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃபுளுகோனசோல் போன்றவை ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவைக் கூட்டும்.

• காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் அதன் அளவைக் குறைக்கும்.

• கரோனாவுக்கான நிர்மட்ரெல்விர்–ரிட்டோனாவிர் கூட்டு மருந்து, டாக்ரோலிமஸின் அளவைப் பன்மடங்கு உயர்த்திவிடும். சிறுநீரகவியல் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பின்றி இதை எடுக்கக் கூடாது.

• டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமாலே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

• பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் ஆகிய பழங்களும் டாக்ரோலிமஸின் அளவைக் கூட்டக்கூடியவை என்பதால் தவிர்க்கத்தக்கவை.

இரண்டாம் அலையின்போது பரவிய கருப்புப் பூஞ்சை எனப்படும் மியூக்கார்மைகோசிஸ் நோய், கட்டுப்பாடற்ற நீரிழிவும் ஸ்டீராய்டு பயன்பாடும் உள்ளவர்களையே பெரிதும் தாக்கியது. உறுப்பு மாற்று நோயாளிகள் பலருக்கு இவ்விரண்டும் இருப்பதால், தொற்றிலிருந்து மீண்ட பின்னரும் சர்க்கரை அளவைக் கண்காணிப்பது அவசியம். முகத்தில் ஒரு பக்க வலி, கண் வீக்கம், மூக்கில் கருநிறக் கசிவு ஆகியவை உடனடிச் சிகிச்சையைக் கோரும் அறிகுறிகள்.

கஷாயமும் சீந்திலும்

எதிர்ப்பாற்றலைப் பெருக்குவதாகக் கூறப்பட்ட கஷாயங்களும் பொடிகளும் பெருந்தொற்றுக் காலத்தில் வீடுதோறும் புழங்கின. மற்றவர்களுக்கு நன்மை எனக் கருதி அளிக்கப்படும் இவை, உறுப்பு மாற்று நோயாளிக்கு இருவகைச் சிக்கலை உண்டாக்கலாம். எதிர்ப்பாற்றலை உண்மையிலேயே தூண்டினால், அது மாற்று உறுப்புக்கு எதிராகத் திரும்பக்கூடும். தூண்டாவிட்டாலும், மூலிகைச் சேர்மங்கள் மருந்தின் அளவை மாற்றக்கூடும். சீந்தில் கொடி உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தனர். அன்றாடச் சமையலில் சேரும் மஞ்சள், மிளகு, இஞ்சி ஆகியவற்றைக் குறித்துப் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. மருந்தாகச் செறிவுபடுத்திய எதையும் மருத்துவரிடம் கேட்டபின்னரே எடுக்க வேண்டும்.

வீட்டின் அமைப்பும் தொற்றும்

சுரங்கக் குடியிருப்புகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களின் வீடுகளும் பெரும்பாலும் சிறியவை. தனியறை ஒதுக்குவது எல்லோருக்கும் இயலாது. அந்நிலையில், காற்றோட்டமான மூலையை நோயாளிக்கு ஒதுக்குவது, வெளியே வேலைக்குச் சென்று வருவோர் வீட்டிலும் முகக்கவசம் அணிவது, துண்டு, தட்டு, குவளைகளைத் தனியே வைப்பது, கொதித்து ஆறிய நீரையே பருகுவது ஆகியவை பயன்தரும். பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் சென்றுவரும் ஒருவர் உள்ள வீட்டில் இந்த ஒழுங்கு இரட்டிப்பு முக்கியம்.

எதிர்ப்பாற்றல் தணிந்தவர்களின் உடலில் வைரஸ் மற்றவர்களைவிட நீண்ட நாட்கள் தங்கக்கூடும். எனவே அவர்களுக்கான தனிமைக் காலத்தையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த பெருந்தொற்றுக்கு முன்

2021 மே மாதத்தில், சுரங்கத்துடன் மூடப்பட்டுக் கிடந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவன மருத்துவமனை, தன்னார்வலர்களின் உழைப்பால் தூய்மைப்படுத்தப்பட்டுக் கரோனா சிகிச்சைக்காக மீண்டும் ஆயத்தமானது. இரண்டு தசாப்தங்கள் பூட்டியிருந்த கட்டடத்தைச் சில வாரங்களில் மீட்க முடியும் என்பதை அது காட்டியது. ஆனால் உறுப்பு மாற்று நோயாளிக்குப் படுக்கை மட்டும் போதாது. மருந்தின் அளவைச் சோதிக்கும் ஆய்வகத் தொடர்பும், தொலைபேசியில் கிடைக்கும் சிறுநீரகவியல் மருத்துவரும், தடையற்ற மருந்து வரத்தும் தேவை. இவற்றை நெருக்கடி வந்தபின் உருவாக்குவது கடினம்.

உலக சுகாதார அமைப்பு 2023 மே 5ஆம் தேதி கரோனா அவசரநிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. உறுப்பு மாற்று நோயாளிகளின் எச்சரிக்கை நிலை அன்றோடு முடியவில்லை. அமைதியான காலத்திலேயே அவர்கள் செய்துவைக்கத்தக்கவை:

• குறைந்தது ஒரு மாதத்துக்கான மாத்திரைகளைக் கூடுதல் கையிருப்பாக வைத்திருத்தல். காலாவதித் தேதியைக் கவனித்துப் பழையதை முதலில் பயன்படுத்துதல்.

• அறுவை சிகிச்சைச் சுருக்கம், அண்மைய மருந்துச் சீட்டு, கடைசிப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகலைக் கைப்பேசியிலும் காகிதமாகவும் பாதுகாத்தல். சோதனைச் சாவடியிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் முதலில் பேசுபவை இந்தக் காகிதங்களே.

• கோலார் அல்லது தங்கவயலில் ரத்த மாதிரி கொடுத்து, முடிவைப் பெங்களூரு அல்லது வேலூர் மருத்துவருக்கு அனுப்பும் ஏற்பாட்டை முன்கூட்டியே உறுதிசெய்தல்.

• மருத்துவமனையின் மாற்று அறுவை சிகிச்சை ஒருங்கிணைப்பாளருடைய தொலைபேசி எண்ணைக் குடும்பத்தினர் அனைவரும் அறிந்திருத்தல்.

• இன்ஃபுளுவென்சா, நிமோனியா தடுப்பூசிகள் குறித்து மருத்துவரிடம் கேட்டு, உரிய காலத்தில் செலுத்திக்கொள்ளுதல்.

• உதவித் திட்டங்களை விசாரித்து அறிதல். தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தின்கீழ், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எதிர்ப்பாற்றல் தணிப்பு மருந்துகளுக்காக மாதம் ரூ.10,000 வரை உதவி வழங்க இடமுண்டு. சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் இதுபற்றிக் கேட்கலாம்.

மாற்று உறுப்பு, உயிருள்ள உறவினர் ஒருவரின் தியாகமாகவோ, மூளைச்சாவு அடைந்த ஒருவரது குடும்பத்தின் பெருங்கொடையாகவோ கிடைத்தது. அதைக் காப்பதில் நோயாளியின் ஒழுங்கு ஒரு பாதி. மறு பாதி, பேத்தமங்களா போன்ற ஓர் ஊருக்கு நூறு கிலோமீட்டர் தொலைவைக் கடந்து மாத்திரையும் பரிசோதனையும் தடையின்றி வந்துசேர்வதில் இருக்கிறது. ரயில் நின்ற நாட்களிலும் அவை வந்துசேர வழி உண்டா என்பதே, அடுத்த பெருந்தொற்றுக்கு முன் சுகாதார அமைப்புகள் விடை காண வேண்டிய கேள்வி.